வீட்டுச் சோதனையில் இரண்டு கோடுகள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதியருக்கு

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் குடியேறிய முதல் ஆண்டில், நாள் தள்ளிப்போய் ஒன்பது நாள் ஆன பிறகு, இரண்டு கோடுகள் விழுந்த கர்ப்பச் சோதனைக் குச்சியை டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜிபி (பகுதிப் பொது மருத்துவர்) மருத்துவரகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண்மணி அதை வெளியில் எடுக்கவே விடவில்லை. வாழ்த்துச் சொன்னார், கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைக் கேட்டார், கர்ப்பத்தையும் பேற்றையும் கவனிக்கும் மிட்வைஃபிடம் பதிவு செய்வதற்கான இணைய முகவரி அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிரவு கும்பகோணத்திலிருந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்பதுதான். எந்த டாக்டரம்மாவும் என்னைப் பார்க்கவில்லை என்றதும், என்னை ஏதோ ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றே அவர் முடிவு கட்டினார்.

ஊரில் வீட்டுச் சோதனை என்பது மருத்துவரிடம் போவதற்கு ஒரு காரணம் மட்டுமே. அங்கே மறுபடியும் சிறுநீர் பார்ப்பார்கள், பலர் ரத்தமும் எடுப்பார்கள், ஆறேழு வாரத்தில் ஸ்கேன் செய்து இதயத் துடிப்பைக் காட்டிய பிறகே கர்ப்பம் 'உறுதி' ஆகும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் அமைப்பில், வலியோ ரத்தப்போக்கோ இல்லாதவரை, நீங்கள் வீட்டில் செய்த சோதனையே உறுதிப்படுத்தலாக ஏற்கப்படுகிறது. முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரங்களுக்குள்தான். இது அலட்சியம் அல்ல. மருத்துவரகத்தில் சோதித்தாலும் பெரும்பாலும் அதே வகைக் குச்சியைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் சோதனை உங்கள் குளியலறையோடு முடிந்துவிடுவதால், அதைச் சரியான நாளில், சரியான முறையில் செய்யும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடுகிறது.

குச்சி தேடுவது எச்சிஜி என்னும் ஹார்மோனை. கரு கருப்பையின் சுவரில் பதிந்த பிறகே, பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் அதைச் சுரக்கத் தொடங்குகின்றன. முட்டை வெளிப்பட்டதிலிருந்து அந்தப் பதிவுக்குப் பெரும்பாலோருக்கு 8 முதல் 10 நாள் ஆகிறது, சிலருக்கு 12 நாள் வரையிலும் ஆகலாம். தொடக்க வாரங்களில் அதன் அளவு சுமார் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஆகவே இன்று ஒரு கோடு மட்டும் விழுந்தவருக்கு மூன்று நாள் கழித்து இரண்டு கோடுகள் விழுவதில் வியப்பொன்றுமில்லை. முந்தைய குச்சி பழுதானதும் அல்ல, அது சீக்கிரம் கேட்கப்பட்ட கேள்வி.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் '99 விழுக்காட்டுக்கும் மேல் துல்லியம்' என்ற வரியைச் சிறிய எழுத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கு, மாதவிடாய் வர வேண்டிய நாளிலிருந்து சோதிப்பவர்களுக்கு உரியது. 'ஆறு நாள் முன்னதாகவே அறியலாம்' என்று விற்கப்படும் வகைகளிலும் உள்ளே இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், அவ்வளவு முன்னதாகச் சோதித்தால் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கே விடை கிடைக்கும் என்று இருக்கும். மிக முன்னதாகத் தெரிந்துகொள்வதில் இன்னொரு வருத்தமும் உண்டு: பதிந்த சில நாட்களிலேயே நின்றுபோகும் கருக்கள் பல, பொறுத்திருந்தால் இரண்டு நாள் தாமதமான மாதவிடாயாகவே அது கடந்துபோயிருக்கும். அவசரக் காரணம் ஏதும் இல்லாதவர்கள் நாள் தள்ளும்வரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

நாட்கணக்கில்தான் புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நெடும் பயணம், மாறிய தூக்கம், குளிர், வீடு தேடும் அலைச்சல் இவையெல்லாம் முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடலாம்; சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை உள்ளவர்களுக்கோ எந்த நாள் 'வர வேண்டிய நாள்' என்பதே தெரியாது. அப்படிப்பட்டவர்கள், கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் சோதித்தால் விடையை நம்பலாம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது, குறிப்பாக நாள் தள்ளிய புதிதில். அதற்காக இரவெல்லாம் தண்ணீர் குடித்துக் காத்திருந்தால் சிறுநீர் நீர்த்துப்போய்ப் பயனில்லாமல் ஆகும். ஊரிலிருந்து பெட்டியில் போட்டு வந்த கிட்டும் இதே வேலையைச் செய்யும், காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள். இங்கே மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் மலிவான பட்டைகளும் நம்பகமானவையே. பாலியல் நல மையங்களில் இலவசமாகவும் சோதித்துக்கொள்ளலாம்.

கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு, தாளில் சொல்லியிருக்கும் நிமிடத்துக்குள் விடையைப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் நிறத்தோடு விழுந்த கோடு கோடுதான். குப்பைக் கூடையிலிருந்து அரை மணி கழித்து எடுத்துப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிறக் கீற்று, ஈரம் உலர்ந்ததால் வருவது. அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கர்ப்பம் இல்லாமலே இரண்டு கோடு விழுவது அரிது. ஆனால் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டுக்கொண்டவருக்கு அந்த மருந்தே இரண்டு வாரம் வரை கோட்டை வரவழைக்கலாம்; அண்மையில் கரு கலைந்தவருக்கும் சில வாரம் அப்படி நேரலாம். ஒரே கோடு விழுந்து, ஒரு வாரம் கழித்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஒரே கோடு என்றால் ஜிபியிடம் பேசுங்கள்.

வாரம் காட்டும் டிஜிட்டல் குச்சியைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் வீட்டில் கண்ணீர் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குச்சி கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறது. மிட்வைஃபும் மருத்துவரும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். குச்சியில் '2-3' என்று வந்தால் மருத்துவக் கணக்கில் நான்கைந்து வாரம். கணவர் முன்னே வந்துவிட, விசா கிடைத்துப் பின்னால் வந்து சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண்ணிடம் மிட்வைஃப் 'ஐந்து வாரம்' என்கிறார் என்றால், அதில் முதல் இரண்டு வாரம் கரு உண்டாவதற்கு முந்தைய காலம். விரல் விட்டு எண்ணத் தொடங்கும் மாமியாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டு கோடு விழுந்த அன்றே செய்ய வேண்டியவை சில. ஜிபியிடம் பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள். முகவரிச் சான்றோ விசாத் தாளோ இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது விதி. உங்கள் பகுதி மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவில் நீங்களே இணையவழியில் பதியலாம்; முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது முக்கியம், ஏனென்றால் நம்மவர்களிடையே காணப்படும் தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடுகளுக்கான சோதனை அதற்குள் நடந்தால்தான் பிறகு முடிவெடுக்க அவகாசம் இருக்கும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை அன்றே தொடங்கி 12 வாரம் வரை எடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் தேவைப்படும், அது மருத்துவர் சீட்டில்தான் கிடைக்கும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மிட்வைஃப் சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே ஜிபியிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளுக்கும் இதே அவசரம் உண்டு; ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரை, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

ஊரில் கர்ப்பம் தெரிந்தவுடனே பலருக்கு எழுதிக்கொடுக்கப்படும் புரோஜெஸ்டிரான் மாத்திரை இங்கே கிடைக்கவில்லையே என்று கேட்பவர்கள் ஏராளம். இங்கே, முன்பு கரு கலைந்த அனுபவம் இருந்து, இப்போதும் ரத்தம் படுகிறது என்றால், கரு கருப்பைக்குள் இருப்பதை ஸ்கேனில் பார்த்த பிறகு அதைத் தருவார்கள். மன நிம்மதிக்காகத் தனியாரிடம் ஸ்கேன் எடுக்க விரும்பினால் ஏழு வாரத்துக்குப் பிறகு போங்கள். ஐந்தாவது வாரத்தில் வெறும் பை மட்டும் தெரிந்து, காசையும் தூக்கத்தையும் சேர்த்து இழப்பீர்கள்.

குச்சியால் சொல்ல முடியாத ஒன்று, கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது. சுமார் 90 கர்ப்பங்களில் ஒன்று கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்குகிறது; அப்போதும் இரண்டு கோடுதான் விழும். அடிவயிற்றின் ஒரு பக்கம் வலி, ரத்தப்போக்கு, தோள் முடிந்து கை தொடங்கும் இடத்தில் காரணமில்லாத வலி, மயக்கம் ஆகியவற்றை வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். கடும் வலியோ மயக்கமோ என்றால் அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். மற்றபடி ஜிபி அல்லது 111 என்ற மருத்துவ ஆலோசனை எண் வழியாக ஆரம்பக் கர்ப்ப மதிப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ரத்தத்தில் எச்சிஜி அளவை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பார்ப்பது அங்கேதான். ஆறு வாரத்துக்கு உட்பட்டு, வலியில்லாமல் சிறிது ரத்தம் மட்டும் பட்டால், 7 முதல் 10 நாள் கழித்து வீட்டில் மறுபடி சோதிக்கச் சொல்லி அனுப்பலாம். அது உங்களைத் தட்டிக்கழிப்பதல்ல, அதற்கு முன் ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியாது. வலி வந்தாலோ ரத்தம் கூடினாலோ அந்த நாட்களை எண்ணாமல் உடனே திரும்பப் போங்கள்.

விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தி வந்தவர்களுக்குப் பேறுகாலக் கவனிப்பு இலவசம். வருகையாளர் விசாவில் இருப்பவருக்குப் பில் வரும், பெரிய தொகையாகவும் இருக்கும். ஆனால் பணம் கட்டவில்லை என்பதற்காகக் கவனிப்பை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. பதிவுப் படிவத்தில் மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று குறித்தால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். கணவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும் இதைக் குறியுங்கள்: சந்திப்பில் ஒருமுறையாவது மிட்வைஃப் உங்களைத் தனியாக வைத்துப் பேசுவார், நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றிக் கணவரிடம்கூடச் சொல்லமாட்டார். இந்தக் கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற தயக்கம் இருந்தாலும் அந்த அறையில் கேட்கலாம்.