பழைய கார்ல வெட்டி ஒட்டுன லோயர் ஆர்ம் இருக்கா, இதப் பாத்துட்டு வண்டிய எடுங்க

எங்க பக்கம் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு எங்க போனாலும் பெரிய வீட்டு ஷெட்டுல ஒரு பழைய வண்டி நிக்கும், வீட்டுக்காரங்க வெளியூர்ல இருப்பாங்க, முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, கல்யாணம்னு வந்தா பேட்டரிய மாத்தி ஸ்டார்ட் பண்ணி ஆச்சி, பிள்ளைங்கன்னு எல்லாரையும் ஏத்திக்கிட்டு கிளம்பிருவாங்க. பிரேக்க பாப்பாங்க, ஆயில பாப்பாங்க, முன் வீல வண்டியோட அடியில பிடிச்சு நிறுத்துற இரும்புக் கை, அந்த லோயர் ஆர்மை யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல.

நான் வாங்குன மாருதி 800ல, முன்னாடி வச்சிருந்தவர் வீல் வெளிய தள்ளி நிக்கணும்னு ரெண்டு லோயர் ஆர்மையும் அறுத்து நடுவுல பிளேட் வச்சு வெல்டிங் போட்டிருந்தாரு. மேல கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்ததால ஒண்ணுமே தெரியல, செம்மண்ணக் கழுவி வயர் பிரஷ் போட்டப்பதான் வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல். வெல்டிங் மேல இல்ல, ஓரத்துல. சூடு பட்டு இரும்போட குணம் மாறுற இடம் அதுதான், பிரேக் அடிக்கிறப்பவும் பள்ளத்துல இறங்குறப்பவும் ஆர்ம் இழுபட்டு தள்ளுபட்டு அங்கதான் விட ஆரம்பிக்கும். ஓட்டத்துல உடைஞ்சா வீல் மடிஞ்சிரும், ஸ்டியரிங் பிடிச்சு பிரயோஜனம் இல்ல.

ஜாக்க மட்டும் நம்பி வண்டிக்குக் கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. ஆர்மை நல்லா கழுவிட்டு பெயிண்ட சுரண்டுங்க. சந்தேகமா இருந்தா விரிசலக் காட்டுற டை பெனிட்ரன்ட் வாங்குங்க, கிளீனர், செவப்பு டை, வெள்ளை டெவலப்பர்னு மூணு கேன், விரிசல் இருந்தா வெள்ளைல செவப்பு கோடா தெரியும்.

அப்புறம் பால் ஜாயிண்ட், அதாவது ஆர்மோட வீல் பக்க நுனியில இருக்கிற உருண்டை மூட்டு. வீலோட மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டணும், ஒருத்தர் ஆட்ட இன்னொருத்தர் கீழ ஜாயிண்ட்ல ஆட்டம் இருக்கான்னு பாக்கணும். 800 மாதிரி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்து நிக்கிற ஸ்ட்ரட் வண்டின்னா பாடில ஜாக் வச்சு வீல தொங்க விட்டு பாருங்க, ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல உக்காந்திருக்கிற வண்டின்னா ஆர்முக்கு அடியிலயே ஜாக் வைக்கணும், இல்லன்னா ஸ்பிரிங் அழுத்தத்துல ஆட்டமே தெரியாது. (அந்த வண்டியில ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் இல்லாம ஆர்மை கழட்டவே கூடாது, ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே அடிச்சிரும்.) ஜாயிண்ட்ட மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா நம்ம ஊரு செம்மண் புழுதி உள்ள போய் கிரீஸோட சேர்ந்து ஜாயிண்ட்ட அரைச்சிரும். வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா ஆர்மை வண்டியோட சேக்குற இடத்துல இருக்கிற புஷ் ரப்பரும் காஞ்சு வெடிச்சிருக்கும்.

விரிசல் இருந்தா அதுமேல திரும்ப வெல்டிங் போடச் சொல்லாதீங்க. வளைஞ்ச ஆர்மை கேஸ்ல சூடு பண்ணி நிமித்தவும் வேணாம். ஒரிஜினல் அளவுல புது ஆர்ம் ரெண்டு பக்கமும் போடுங்க. நான் அப்படித்தான் மாத்துனேன்.

மாட்டுறப்ப நிறைய பேர் விடுற தப்பு, வீல் தொங்குறப்பவே புஷ் போல்ட்ட முழுசா டைட் பண்றது. வண்டிய தரையில இறக்கி அதோட வெயிட்ல நிக்கிறப்பதான் கடைசி டைட் வைக்கணும், இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். நைலாக் நட்ட (உள்ள நைலான் வளையம் வச்சது) புதுசு போடுங்க, பால் ஜாயிண்ட்ல நட்டு கழலாம இருக்க காட்டர் பின் இருந்தா அதுவும் புதுசு. வீல் அலைன்மெண்ட் பாத்துட்டு நட்டுலருந்து ஆர்ம் வரைக்கும் ஒரு வெள்ளை பெயிண்ட் கோடு இழுத்து விடுங்க, திருச்சிக்கு ஒரு தடவ போய்ட்டு வந்து பாருங்க, கோடு விலகியிருந்தா நட்டு திரும்பியிருக்குன்னு அர்த்தம்.