பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, புது வண்டி எடுப்பதா: பெங்களூருவில் முடிவெடுக்கும் முறை

ஹோண்டா சிட்டியின் பழைய விடெக் இஞ்சினையோ, ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் இஞ்சினையோ, 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டையோ ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு, புதிய கார் எடுத்துவிடலாமா என்ற கேள்வி பெரும்பாலும் பட்டறையில் ஒரு பெரிய பில்லைக் கையில் வாங்கும் நாளில்தான் எழுகிறது. முடிவெடுக்க அதைவிடப் பொருத்தமற்ற நாள் கிடையாது. சலிப்பில் விற்றுவிட்டுப் பிறகு அதே மாடலைத் தேடி அலைபவர்களும், பாசத்தால் விற்க மனமின்றி வண்டியை வாசலிலேயே துருப்பிடிக்க விடுபவர்களும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். ஆகவே வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தொடக்கம் பணத்தில் இல்லை, வேலையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் கார் என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். அலுவலகப் பயணம் ஒன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாகச் சேலத்துக்கோ அதற்கு அப்பாலோ போய்வருவது இன்னொன்று. ஞாயிறு விடியலில் நந்தி மலைப் பக்கம் ஓட்டுவதற்காகவே ஓட்டுவது மூன்றாவது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி, மூன்றாவது வேலைக்குத் தகுந்த வண்டியை முதல் வேலைக்கும் பயன்படுத்துவதால் வருகிறது. சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியரில் ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு மாலையும் கிளட்ச்சையும் ரேடியேட்டர் விசிறியையும் இஞ்சின் மவுன்டுகளையும் தேய்க்கிறது. ஓட்டுபவருக்கு அதில் எந்த இன்பமும் கிடைப்பதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவருக்கு, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் பாதை அந்த வேலையைக் காரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்றால், புதிய கார் வாங்கும் தேவையே சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகலாம். அப்படி ஒரு வழி இருக்கிறதா என்பதை ஷோரூமுக்குப் போவதற்கு முன்பு பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு

பரவலாகச் செய்யப்படும் தவறு, ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது. ஒன்றரை லட்சம் போகும் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் செலவு செய்வதா என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பணத்தைச் செலவழிக்காவிட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றரை லட்சம் மட்டுமே, அதை வைத்து அதே அளவு நல்ல வேறொரு வண்டியை வாங்க முடியாது. சரியான ஒப்பீடு, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பழைய வண்டியை ஓட்ட ஆகும் மொத்தச் செலவையும், அதே மூன்று ஆண்டுகளுக்குப் புதிய வண்டியை வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவையும் அருகருகே வைப்பதுதான்.

ஷோரூம் விலை 12 லட்சம் ரூபாய் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் பத்து முதல் இருபது லட்சம் வரையிலான பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஆயுள் வரி 17 சதவீதம். அதாவது 2,04,000 ரூபாய், அதன் மேல் செஸ் தனி. காப்பீட்டுக் கணக்கில் பயன்படும் தேய்மான அட்டவணையைப் பார்த்தால், ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று மதிப்பு இறங்குகிறது. சந்தை விலை மாடலுக்கு மாடல் கூடவோ குறையவோ செய்யும் என்றாலும், கணக்குப் போட இது போதுமான அளவுகோல். இதன்படி மூன்றாம் ஆண்டு முடிவில் 3,60,000 ரூபாய் மதிப்பு குறைந்திருக்கும். வரியையும் சேர்த்தால் 5,64,000. கடன் வட்டியும் காப்பீட்டுத் தொகையும் இதில் இன்னும் சேரவில்லை. இவ்வளவையும் கூட்டினால், பழைய வண்டியின் ஒன்றேகால் லட்சம் ரிப்பேரோடு ஆண்டுதோறும் முப்பது நாற்பதாயிரம் பராமரிப்புச் செலவைச் சேர்த்தாலும், பெரும்பாலும் பழையதுதான் மலிவாக இருக்கும்.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வது பழையதற்கு வாதாட இல்லை. புதிய காரை வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும் என்ற காரணத்தை மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்பு, நம்பகத்தன்மை, ஓட்டும் ஆசை ஆகியவை போதுமான காரணங்கள், அவற்றுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும். வாங்குவது என்று முடிவானால், 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தையும் கவனியுங்கள்: நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. வரை இஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம்.

பழைய வண்டி தகுதியானதா என்று அறிதல்

இஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் ஒரு காரின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் அதன் உடல். இஞ்சினைத் திறந்து வேலை செய்யலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். தளத்தகடும் பக்கச் சட்டங்களும் துருவில் கரைந்த வண்டியை முழுமையாக மீட்பது மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும். இந்த விஷயத்தில் பெங்களூரு நமக்குச் சாதகமான ஊர். கடற்காற்றின் உப்பு இல்லாததால், சென்னையிலும் மும்பையிலும் ஓடிய வண்டிகளைவிட இங்கேயே ஓடிய வண்டிகளின் தகடு பொதுவாக நன்றாக இருக்கும். எனினும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். முன் சஸ்பென்ஷன் மேலே பொருந்தும் இடம், கதவுகளுக்குக் கீழே உள்ள நீளச் சட்டம், டிக்கியில் ஸ்டெப்னி டயர் உட்காரும் குழி, முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் பாதை, முன்னிருக்கைக் கம்பளத்துக்கு அடியில் உள்ள தளத்தகடு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பளத்தின் அடியில் ஈரம் இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே சரிசெய்தால் சிறிய செலவு, விட்டால் டிங்கரிங் வேலை.

உடல் நன்றாக இருந்தால் அடுத்த கேள்வி உதிரிபாகம். செவ்ரோலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபியட் கார்களும் புதிதாக வருவதில்லை. இதனால் அந்தக் கார்கள் எல்லாம் உடனே கைவிடப்பட வேண்டியவை என்று நினைப்பது சரியில்லை. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இஞ்சின் புன்ட்டோவில் மட்டும் வரவில்லை. ஸ்விஃப்ட் டீசலிலும் டாட்டா விஸ்டாவிலும் அதே இஞ்சின்தான் இருந்தது என்பதால், அதன் இஞ்சின் பாகங்கள் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அதே புன்ட்டோவின் ஹெட்லைட்டோ, பம்பரோ, ஜன்னல் ரப்பர் பீடிங்கோ வேண்டுமானால் தேடி அலைய நேரும். இதையே பொது விதியாகக் கொள்ளலாம்: இஞ்சின் சார்ந்த பாகங்கள் கடைசி வரை கிடைக்கும், விளக்கு, கண்ணாடி, உள் அலங்காரம், மின்னணுப் பெட்டிகள் முதலில் மறையும். ஆகவே பழைய வண்டியை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர், உடையக்கூடிய விளக்குகளையும் பீடிங்குகளையும் கிடைக்கும்போதே வாங்கி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மாடலை நன்றாக அறிந்த ஒரு மெக்கானிக்கின் பெயரை யோசிக்காமல் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வண்டியை வைத்துக்கொள்வதற்கான காரணங்களில் பாதி போய்விடுகிறது. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழ் பேசும் பட்டறைக்காரர்கள் பலர் தலைமுறையாகத் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், செய்த வேலையைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியாத வண்டியில் அதை இன்றே மாற்றுவதுதான் முறை, ஏனெனில் பல இஞ்சின்களில் அந்த ரப்பர் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இஞ்சினே போய்விடும். பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான டயரை நம்பக் கூடாது.

எரிபொருளும் இப்போது ஒரு காரணி. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலப்பது வழக்கமாகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்துப் பத்து சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. மைலேஜைவிட எனக்குக் கவலை தருவது பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது; வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதில்லை. எரிபொருள் குழாய்களை மாற்றிவிட்டு, வாரம் ஒரு முறையாவது இஞ்சின் முழுச் சூடு அடையும் வரை ஓட்டுங்கள்.

பாதுகாப்பு

இதில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன். இந்தியாவில் கார்களுக்கு மோதல் சோதனை விதிகள் 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் வந்தன, திடீரென பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும், முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் 2022 ஜனவரியில் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்களில் இவை விருப்பத்தேர்வாகவே இருந்தன, பலவற்றில் அதுவும் இல்லை. எந்தப் பட்டறையிலும் இவற்றைப் பின்னால் சேர்க்க முடியாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகளுக்கு நடுவே, பின்னிருக்கையில் குழந்தைகளோடு இரவில் போகும் பயணத்துக்கு, பழைய வண்டி எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அது தகுந்த வண்டி இல்லை. வீட்டில் ஒரே கார்தான் வைத்திருக்க முடியும், அதுதான் குடும்பத்தை ஊருக்கு அழைத்துப்போகும் என்றால், என் பரிந்துரை புதிய கார், அல்லது இந்த விதிகளுக்குப் பிறகு தயாரான ஒரு பயன்படுத்திய கார். இரண்டு கார்களுக்கு இடமும் வசதியும் இருந்தால், குடும்பப் பயணத்தைப் புதியதிடம் கொடுத்துவிட்டுப் பழையதை ஓட்டும் மகிழ்ச்சிக்காக வைத்துக்கொள்வதே சிறந்த ஏற்பாடு.

புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது நகரத்தின் வேகத்தை நினைவில் வையுங்கள். பி.எஸ்.6 என்ற புகை விதிகளின்படி தயாரான டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டி, தன்னில் சேரும் கரியை எரிக்கச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வெளிவட்டச் சாலையில் ஊர்ந்து மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் நின்று நின்று நகரும் நெரிசலில் சூடேறும். டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் செய்யாமல், நீங்கள் தினமும் போகும் நேரத்தில், அதே சாலையில் கேட்டு வாங்குங்கள்.

ஆவணங்கள்

கர்நாடகத்தில் வயதை மட்டும் வைத்துத் தனியார் கார்களுக்குத் தடை இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாக ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு இங்கே பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலத்துப் பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்கு என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும் கர்நாடக ஆயுள் வரியும் தேவைப்படும். இந்தச் செலவையும் பழைய வண்டியின் மூன்றாண்டுக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

விற்பது என்று முடிவானால், பணத்தை வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் பொறுப்பு. உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டு நகல் எடுத்து வையுங்கள், ஃபாஸ்டேகை மூடுங்கள், ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். காப்பீட்டில் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக நீங்கள் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி தரும் அதைக் கடிதமாகப் பெற்றுக்கொண்டால், மூன்றாண்டுக்குள் வாங்கும் புதிய காருக்கு அப்படியே பயன்படுத்தலாம்.