அணைப்பகுதி மழைக் கணக்கைப் பைத்தானில் எடுப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்தித்தாளைப் பிரிப்பவர்கள் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் அங்கே பெய்த மழையளவையும் தேடிப் படிக்கிறார்கள். பிசானம் எனப்படும் பின்பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வர வேண்டும். அந்தப் பகுதியின் மழை மதிப்பீட்டை இணையத்திலிருந்து நாமே எடுத்து, நாள்தோறும் சேமித்து வைக்கும் சிறு நிரலை எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

பைத்தான் மொழியும் அதன் ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நிரல் நூலகமும் இதற்குப் போதும். 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்னும் கட்டளை அதை நிறுவிவிடும். தரவுக்கு ஓப்பன்-மீட்டியோ சேவையைப் பரிந்துரைக்கிறேன். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அது இலவசம், பதிவோ திறவுச்சொல்லோ கேட்பதில்லை. இங்கே தமிழில் தந்துள்ள நிரல் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

சேவையின் முன்னறிவிப்பு முகவரியை 'கெட்' செயற்கூறுக்குக் கொடுத்து, கேட்க வேண்டியவற்றை 'பராம்ஸ்' என்னும் பெயரில், பெயர்-மதிப்பு இணைகள் கொண்ட ஒரு டிக்‌ஷனரியாக அனுப்புங்கள். முகவரியோடு சொற்களை நீங்களே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'லாட்டிட்யூட்', 'லாங்கிட்யூட்' இரண்டும் இடத்தைக் குறிக்கின்றன. பாபநாசம் ஊருக்கு அவை ஏறத்தாழ 8.71, 77.37. அணை ஊருக்கு மேலே மலைக்குள் இருப்பதால், இணைய வரைபடத்தில் அணையின் மீதே புள்ளி வைத்து எண்களை எடுப்பது நல்லது. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்வால்பார்டுக்கு மேற்கேயுள்ள ஆர்க்டிக் கடலின் வானிலை அமைதியாக வந்து சேரும். 'ஹவர்லி' என்பதற்கு 'பிரெசிபிடேஷன்' என்று கொடுங்கள். 'பாஸ்ட்', 'டேஸ்' இரண்டையும் அடிக்கோட்டால் இணைத்து 1 என்றும், 'ஃபோர்காஸ்ட்', 'டேஸ்' இரண்டையும் அவ்வாறே இணைத்து 1 என்றும் கொடுத்தால் நேற்றும் இன்றுமாக 48 மணி நேர மதிப்புகள் கிடைக்கும்.

ரிக்வெஸ்ட்ஸ் தானாகக் காலவரம்பு எதையும் வைத்துக்கொள்வதில்லை. இணைப்பு தடைபட்டால் நிரல் பதிலுக்காகக் காத்தே கிடக்கக்கூடும் என்பதால் 'டைம்அவுட்' மதிப்பாக 10 நொடி கொடுத்துவிடுங்கள். பதில் வந்ததும், கோரிக்கை வெற்றியா என்று காட்டும் நிலைக்குறியீட்டைச் சரிபார்த்து, அதன் பிறகே அதை ஜேசன் என்னும் தரவு வடிவமாகப் பிரிக்க வேண்டும்.

நேரக் கணக்கில்தான் முழுக் கவனம் வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. நள்ளிரவிலிருந்து கூட்டிய எண்ணை அதனோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துவரா. ஓப்பன்-மீட்டியோவோ, நேர மண்டலம் எதையும் குறிப்பிடாவிட்டால் கிரீன்விச் நேரத்தைத் தருகிறது. நம் காலை 8.30 என்பது கிரீன்விச்சில் சரியாக அதிகாலை 3 மணி என்பதால், இந்தத் தேவைக்கு அந்த நேரத்தை மாற்றாமல் விடுவதே வசதி. ஒவ்வொரு மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் மழையைக் குறிப்பதால், நேற்றைய 4 மணி முதல் இன்றைய 3 மணி வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்ட வேண்டும். பைத்தான் பட்டியலின் இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவதால் அவை 4 முதல் 27 வரையிலான இடங்களில் இருக்கும். பைத்தான் இறுதி எண்ணை விட்டுவிடும் ஆதலால் 4, 28 என்று வெட்டி எடுங்கள். நிரலைக் காலை 9 மணிக்கு ஓட்டுங்கள். வெற்று மதிப்பு ஏதேனும் இருந்தால் கூட்டல் பிழையில் முடியும். அதைச் சுழியமாக எண்ணிவிடாமல், அன்றைய கணக்கு முழுமையற்றது என்று குறித்து வையுங்கள்.

கிடைப்பது கணினி வானிலை மாதிரியின் மதிப்பீடு. மழைமானியின் அளவு அன்று. பதிலில் திரும்பி வரும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நீங்கள் அனுப்பியவற்றிலிருந்து சற்று விலகியிருக்கும், ஏனெனில் மாதிரி நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; அவை உங்கள் புள்ளிக்குரிய கட்டத்தின் மையம். பாளையங்கோட்டையில் வெயில் காயும் நாளில் மலைமேலுள்ள நாலுமுக்கிலும் ஊத்திலும் கனமழை கொட்டுவது நமக்குப் புதிதல்ல. மலைச்சரிவில் சில கிலோமீட்டருக்குள் மாறும் அந்த மழையைக் கட்டத்தின் சராசரி தணித்தே காட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான 95 சென்டிமீட்டர் போன்ற உச்சங்களையும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே வெள்ள எச்சரிக்கைக்கு இந்த எண்ணைச் சார்ந்திராமல் அரசின் அறிவிப்பையே பின்பற்றுங்கள்.

ஆனால் நாள்தோறும் சேமித்தால் இதற்கு வேறொரு பயன் உண்டு. தேதி, மாதிரியின் மதிப்பு, செய்தித்தாளில் வந்த அணைப்பகுதி மழை ஆகிய மூன்றையும் காற்புள்ளியால் பிரித்த ஒரு சிஎஸ்வி கோப்பில் அடுத்தடுத்து எழுதிவந்தால், மாதிரி எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்பது ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே தெரியத் தொடங்கும். மணிமுத்தாற்றையும் சேர்க்க விரும்பினால், இரண்டு இடங்களின் அட்சரேகைகளைக் காற்புள்ளியிட்டு ஒரு சரமாகவும், தீர்க்கரேகைகளை அவ்வாறே இன்னொரு சரமாகவும் அனுப்பலாம். அப்போது பதில் இரண்டு உறுப்புகள் கொண்ட பட்டியலாக, நீங்கள் கேட்ட வரிசையிலேயே வரும்.