இ.எஸ்.ஐ. சிக் லீவு பணம்: அந்த 78 நாளை எந்த மாதத்தில் எண்ணுவது?

போன பிப்ரவரியில் மஞ்சள் காமாலை. கீழாநெல்லியும் மோருமாக 14 நாள் படுத்த படுக்கை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, படுத்த நாளுக்குப் பணம் கேட்டுத்தான் பார்ப்போம் என்று இறங்கினேன். பணம் வந்தது, ஆனால் ஏப்ரலில்.

மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. நடுவில் சம்பளம் ஏறினாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஆறு மாதக் கணக்கு முடியும்வரை நீங்கள் உள்ளேதான்.

படி 1: காய்ச்சல் அடிக்கும்போதே உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்குங்கள். தெருமுனை கிளினிக் சீட்டை மட்டும் நம்பி வீட்டில் படுக்காதீர்கள். கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குணமானதும் கடைசி சர்டிபிகேட்டை மறக்காமல் வாங்குங்கள்.

படி 2: நான் குப்புற விழுந்த இடம் இதுதான். 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். அக்டோபரிலிருந்து எண்ணினேன், நூறுக்கு மேல் வந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மா சிரித்துவிட்டு, "தம்பி, ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் உடம்புக்கு வந்தா, போன வருஷம் ஏப்ரல் டு செப்டம்பர் பாக்கணும்" என்றார். ஜூலை முதல் டிசம்பருக்குள் என்றால் அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை.

நான் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்து, ஜூலை 8-ல்தான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். 24, 31, 30, மொத்தம் 85. ஆனால் கம்ப்யூட்டரில் 67. அக்கவுன்ட்ஸில் ஆகஸ்ட்டுக்கு 31 என்பதை 13 என்று அடித்திருந்தார்கள்! கம்பெனிக் கடிதம், வருகைப் பதிவேட்டு நகல் எல்லாம் கொடுத்துத் திருத்தவே ஐந்து வாரம். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே சந்தா விவரத்தைப் பாருங்கள். போன் திரையில் அந்த அட்டவணை கண்ணுக்கே தெரியாது; பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, மாதக் காலண்டரோடு வைத்து பேனாவால் டிக் அடிப்பதுதான் என் வழி.

படி 3: சர்டிபிகேட், விண்ணப்பம், பாஸ்புக் நகல் மூன்றையும் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

எவ்வளவு? சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். எனக்கு 600 என்பதால் நாளுக்கு 420. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது; மீதி நாளில் ஞாயிறும் சேர்த்தி. 12 நாளுக்கு 5,040. இப்படி அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில் (ஜனவரி-ஜூன், ஜூலை-டிசம்பர் என்ற அந்த ஆறு மாதங்கள்) மொத்தம் 91 நாள் வரை வாங்கலாம்.

பின்சேர்க்கை: "கம்பெனியே நாலு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்துச்சு, அதுக்கும் வருமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வராது. சம்பளம் வாங்கிய நாளுக்கு இங்கே பணம் இல்லை.

இன்னொருவரின் அண்ணனுக்கு டி.பி. அவர் 91 நாளோடு நிற்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்து, நான்கு சந்தா காலங்களில் (ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற ஆறு மாதங்கள்) 156 நாள் கட்டியிருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும். இது போக, சிகிச்சை முடியும்வரை டி.பி. நோயாளிகளின் சாப்பாட்டுச் செலவுக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அது தனிக் கணக்கு. வைத்தியம் பார்க்கும் இடத்திலேயே வங்கிக் கணக்கைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.