மலை ஏறப் போறீங்களா? போன்ல காட்டுற டெம்பரேச்சர அப்படியே நம்பாதீங்க

வெதர் ஆப் காட்டுற நம்பர் பெரும்பாலும் கீழ இருக்கற ஊருக்கானது, நீங்க நிக்கப்போற உச்சிக்கு இல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும், அதனால கீழ 20 இருந்தா 1500 மீட்டர் மேல போனதும் 10 தான்னு வச்சுக்கிட்டு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, காத்து அடிச்சா அதுவும் பத்தாது.

சில வாட்ச்ல டெம்பரேச்சர் சென்சார் இருக்கும். கையில கட்டிக்கிட்டே பாத்தா உடம்பு சூட்டையும் சேர்த்துதான் காட்டும், கழட்டி நிழல்ல கொஞ்ச நேரம் தொங்க விட்டுட்டுப் பாருங்க. வெயில்ல வச்சு 50 டிகிரின்னு ஸ்கிரீன்ஷாட் போடறதெல்லாம் கணக்குலயே வராதுங்க, ரெக்கார்டுக்கு எடுக்கறது நிழல்ல, காத்தோட்டமான பெட்டிக்குள்ள, தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல. 1913ல அமெரிக்காவுல டெத் வேலிங்கற பாலைவனத்துல பதிவான உலக ரெக்கார்டு 56.7 டிகிரியையே சில வானிலை ஆளுங்க இன்னும் சந்தேகப்படறாங்க, நம்ம வாட்ச் எம்மாத்திரம்!

அப்புறம் போன் பேட்டரி. குளிர்ல 30 சதவீதம் காட்டிக்கிட்டே பட்டுனு ஆஃப் ஆகும், செத்துப்போச்சுன்னு பதறாதீங்க, சட்டை உள்பாக்கெட்ல போட்டு வைங்க, சூடேறினா பெரும்பாலும் திரும்ப ஆன் ஆயிடும். உறையற குளிர்ல சார்ஜ் மட்டும் போடாதீங்க, லித்தியம் பேட்டரி நிரந்தரமா கெட்டுடும். மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு ஏரோபிளேன் மோட்ல போடுங்க, பெரும்பாலான போன்ல அப்பவும் ஜிபிஎஸ் ஓடும், இல்லேன்னா சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் காலி.