போகி மாலையில் பொங்கல் கடைக்குக் கிளம்புகிறவருக்கு

போகியன்று மாலை நாலு மணி. ஆபீசிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். விடிந்தால் தை 1. வீட்டில் பானை இல்லை, வெல்லம் இல்லை, கரும்பு இல்லை. ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே பொங்கல் வைப்பது இதுதான் முதல் தடவை. "எல்லாம் வாங்கியாச்சா?" என்று அம்மா போனில் கேட்டதற்கு "ஆச்சும்மா" என்று பொய்யும் சொல்லியாயிற்று. சரி, பதற வேண்டாம். ஐந்தாறு வருடமாக நானும் இதே லட்சணம்தான்.

பொங்கல் சாமானில் பாதி, எப்படியும் கடைசி நாளில் வாங்க வேண்டியதுதான். கரும்பு, மஞ்சள் கொத்து, காய், பூ, இலை இவற்றை ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்தால் வாடித்தான் போகும். அதனால் தாமதமாகக் கிளம்பியது பெரிய தப்பில்லை. வரிசை மாறினால்தான் வம்பு. எது சீக்கிரம் தீர்ந்துபோகுமோ அதை முதலில் வாங்குங்கள். நேரம் ஆக ஆக எதன் விலை இறங்குமோ அதைக் கடைசியில் வாங்குங்கள். முதல் வருடம் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். கண்ணில் பட்ட உடனே கரும்பை வாங்கி, ஏழடிக் கரும்பு இரண்டையும் தோளில் சாய்த்துக்கொண்டு, நெரிசலுக்குள் பானைக்கடை தேடி அலைந்தேன். தோகை யார் யார் முகத்தில் பட்டதோ அத்தனை பேரும் திட்டினார்கள்.

படி 1: கிளம்பும் முன் அடுப்படியில் பத்து நிமிடம்

டப்பாக்களைத் திறந்து பாருங்கள். ரேஷனில் பொங்கல் தொகுப்பு வாங்கியிருந்தால் ஒரு கிலோ பச்சரிசி ஏற்கெனவே கையில் இருக்கும். அண்மை ஆண்டுகளில் அதோடு சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் கொடுத்தார்கள். அப்படியென்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நான் வாங்கும் அளவு இது. பச்சரிசி அரைக் கிலோ. அதில் பாதி சர்க்கரைப் பொங்கலுக்கு, பாதி வெள்ளைப் பொங்கலுக்கு. பாசிப்பருப்பு 100 கிராம். வெல்லம் அரைக் கிலோ. நெய் 200 மில்லி. முந்திரி 50 கிராம், திராட்சை அதில் பாதி. ஏலக்காய் ஐந்தாறு. பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும், கை தவறிக் கூடிவிட்டால் பொங்கல் கசக்கும். பால் ஒரு லிட்டர்.

இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் எழுதினால், ஒரு கையில் பானையும் இன்னொரு கையில் பையுமாக நிற்கும்போது திறந்து பார்க்க முடியாது. துணிப்பை மூன்று, சில்லறையாக ஒரு 500 ரூபாய். சந்தையில் ஜிபே இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் சிக்னல் இருக்காது.

படி 2: எங்கே போவது

ஒரு ஜோடிக் கரும்புக்காகக் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் அங்கே மாறிய மொத்தச் சந்தை அது. பொங்கலுக்கென்று அங்கே சிறப்புச் சந்தை போடுவார்கள், விலையும் மலிவுதான். ஆனால் கரும்பு கட்டுக் கட்டாகத்தான் வரும், ஒரு கட்டில் பதினைந்து இருபது கரும்பு இருக்கும். அடுக்குமாடியில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் லாபம். தனியாளாகப் போனால் போக்குவரத்து நெரிசலுக்கே அந்த மலிவு சரியாகிவிடும்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி மாதிரியான கடைத்தெருவோ உங்கள் பேட்டை மார்க்கெட்டோ போதும். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகளையும் நம்பிப் பார்த்தேன். ஒரு வருடம் ஒரு செயலியில் கரும்புக்கு ஆர்டர் போட்டேன். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்டிக் பையில் அடைத்து அனுப்பினார்கள். தின்னலாம், சாமி முன் சாத்த முடியாது.

படி 3: முதலில் பானை

மண்பானை முதலில் வாங்க வேண்டியதற்கு இரண்டு காரணம். போகி இரவு எட்டு மணிக்கு மேல் நல்ல பானையெல்லாம் போய், வாய் கோணியதும் விளிம்பு உடைந்ததும்தான் மிஞ்சும். இரண்டாவது, புதுப் பானை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வேண்டும்.

கால் கிலோ அரிசிக்கு மூன்று லிட்டர் பிடிக்கும் பானை சரியாக இருக்கும். கையில் தூக்கி விரல் மடக்கித் தட்டுங்கள். "ணங்" என்று கேட்டால் நன்றாகச் சுட்ட பானை. "டொப்" என்று அடங்கினால் கீறலோ வேகாத மண்ணோ இருக்கிறது. உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுத் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். லேசான ஈரக் கசிவு எல்லாப் புதுப் பானைக்கும் உண்டு, சொட்டினால் வேண்டாம். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துப் பூ வரைந்த பானை அலமாரிக்கு அழகு. அடுப்பில் ஏற்றினால் பெயின்ட் கருகி வீடே நாறும்.

நான் முதல் வருடம் வாங்கிய பானையை ஊற வைக்காமல் கேஸ் அடுப்பில் வேகமான தீயில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் பானை பொங்கிவிட்டது, அதாவது அடி விட்டுவிட்டது. அடுத்த வருடம் பானைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ராத்திரி முழுக்கத் தண்ணியில போடு தம்பி. காலையில அரிசி கழுவுன தண்ணிய ஊத்திச் சின்னத் தீயில ஒரு கொதி விடு. அதுக்கப்புறம் பால ஊத்து. சூடான பானையில பச்சத் தண்ணிய மட்டும் ஊத்திடாத" என்றார். அன்றிலிருந்து ஒரு பானையும் விடவில்லை.

மண்பானை கிடைக்கவே இல்லையா? வீட்டிலுள்ள பித்தளைப் பானையோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டினால் அதுவும் பொங்கல் பானைதான்.

படி 4: மளிகை, முக்கியமாக வெல்லம்

மற்றதெல்லாம் அண்ணாச்சி கடையில் எந்த நேரத்திலும் கிடைக்கும். வெல்லத்தைத்தான் பார்த்து வாங்க வேண்டும். மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த நிறத்துக்காகவே பாகில் ரசாயனம் சேர்ப்பதுண்டு. கொஞ்சம் கறுத்து, பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். அச்சு வெல்லமோ மண்டை வெல்லமோ எதுவானாலும் சரி, ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம்.

எந்த வெல்லத்திலும் மண் இருக்கும். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். அதுவும் அரிசி குழைய வெந்த பிறகு, தீயைத் தணித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் அரிசி விறைத்துப்போகும், பாலும் திரிந்துவிடலாம்.

அரிசி புதுசா பழசா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீர் குறைவாகப் போதும்.

படி 5: காய்

வெள்ளைப் பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள பல காய் போட்ட குழம்பு வேண்டும். தனித்தனியாக எடை போட்டு வாங்கினால் பை நிறைய மிஞ்சிப்போகும். போகி மாலையில் பல கடைகளில் பரங்கிக்கீற்று, அவரை, கத்தரி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் கலந்து கூறு போட்டு வைத்திருப்பார்கள். ஒரு கூறு வாங்கினால் ஒரு குழம்புக்குக் கச்சிதம். அடியில் அழுகல் இருக்கிறதா என்று மட்டும் கிளறிப் பாருங்கள்.

பச்சை மொச்சை இந்தச் சீசனின் காய், இது இல்லாத பொங்கல் குழம்பை எங்கள் வீட்டில் குழம்பென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காயாக வாங்கினால் தோல் போகப் பாதிதான் தேறும், இரவு உட்கார்ந்து உரிக்கவும் வேண்டும். உரித்தது விலை கூடுதல்தான், ஆனாலும் இன்று உங்களுக்கு அதுதான் சரி. தீர்ந்துபோயிருந்தால் மளிகைக் கடையில் காய்ந்த மொச்சை வாங்கி இரவே ஊறப் போடுங்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் தேடுவீர்கள். சென்னையில் இவை சீக்கிரம் தீர்ந்துவிடும். கண்டால் அப்போதே வாங்கிவிடுங்கள், வரிசை கிரிசை பார்க்க வேண்டாம்.

படி 6: பூ, இலை, தேங்காய்

மல்லிகையை மறந்துவிடுங்கள். மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து, பொங்கல் நேரத்தில் மல்லி கிலோ ஆயிரங்களில் விற்கும். தலைக்கு ஒரு முழம் வாங்கலாம், சாமிக்குச் சாமந்தி போதும். பூக்கடையிலேயே அருகம்புல், மாவிலை கேளுங்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டுகிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால் அதற்குப் போகி மாலையே நேரம், கட்டாகவே விற்பார்கள். தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர் சத்தம் கேட்டு வாங்குங்கள். நுனி இலை ஐந்து.

படி 7: கடைசியாகக் கரும்பும் மஞ்சளும்

எட்டரை, ஒன்பது மணிக்குப் போங்கள். நாளை மதியத்துக்கு மேல் கரும்பை யாரும் சீண்ட மாட்டார்கள், விற்பவருக்கும் அது தெரியும். போன வருடம் மாலையில் "ஜோடி நூத்தியிருபது, ஒத்த பைசா குறையாது" என்ற அக்கா, இரவு அவராகவே கூப்பிட்டு எழுபதுக்குக் கொடுத்தார். ஆனால் பதினொரு மணி வரை காத்திருந்து பார்ப்பது சூதாட்டம். ஐம்பது ரூபாய்க்கு அது தேவையில்லை. அதோடு, மூட்டை கட்டும் நேரத்தில் நிற்கிறவரிடம் ரொம்பவும் அடித்துப் பேசுவதும் நன்றாக இருக்காது. ஏறக்குறைய ஒரு வருடம் உழவர் வயலில் நின்று வளர்ந்த கரும்புதானே அது.

அடிப்பக்கம் வெட்டிய இடத்தைப் பாருங்கள். ஈரமாக, வெளுப்பாக இருக்க வேண்டும். உள்ளே சிவந்து புளித்த வாடை அடித்தால் அழுகல். கணு நெருங்கி இருந்தால் கடிக்க முடியாது, கணுவுக்குக் கணு இடைவெளி இருப்பதாக எடுங்கள். தோகையை வெட்ட விடாதீர்கள். மஞ்சள் கொத்து இலை பச்சையாக, அடியில் கிழங்கோடு இருக்கட்டும். இரண்டு கொத்து, ஒன்று பானைக்கு, ஒன்று வாசலுக்கு. இஞ்சிக் கொத்தும் கட்டுவார்கள் சிலர்.

இன்னொன்று. அடுக்குமாடி லிஃப்டுக்குள் முழுக் கரும்பு நிற்காது. சாய்த்து ஏற்றினால் தோகை கதவில் மாட்டும், லிஃப்ட் கத்தும். மாடிப்படிதான்.

படி 8: படுக்கும் முன்

பானையைப் பக்கெட்டில் மூழ்க வையுங்கள். காய்ந்த மொச்சை வாங்கியிருந்தால் ஊறப் போடுங்கள். பாலை இன்றிரவே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், காலையில் பூத்தில் வரிசை நிற்கும். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்கினால் கொழுப்பு அதிகம், பொங்கும்போது நுரை நன்றாக எழும்பும். கரும்பின் அடியை ஈரத்துணியால் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள்.

சாணிப் பிள்ளையாருக்குச் சாணி எங்கே என்று இரவில் தேடிப் போக வேண்டாம். மஞ்சள்தூளில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிடித்தால் பிள்ளையார் ரெடி, உச்சியில் ஒரு அருகம்புல்.

காலையில் பாலும் தண்ணீரும் கழுத்தளவு ஊற்றி, பொங்கி வழிந்ததும் ஒரு கரண்டி மொண்டு எடுத்துவிட்டு, அப்புறம்தான் அரிசியும் பருப்பும். மொண்ட தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பொங்கல் இறுகினால் ஊற்ற வேண்டியிருக்கும்.