பாபின் தீரும்போதெல்லாம் ஒரு கேள்வி

ஊசியில் நூல் கோக்கும்போது நாம் மூச்சு விடுவதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு ஊசியை எடுத்துக் கோத்துப் பாருங்கள். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதுக்கு நேரே கொண்டுபோகிற அந்த நொடியில் மூச்சு தானாக நிற்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த நொடியில் கடன் நினைவு கிடையாது, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது. நூல் உள்ளே போனதும் ‘அப்பாடா’ என்று மூச்சு வெளியே வரும். கூடவே மற்றதெல்லாமும் திரும்பி வரும்.

நான் விழுப்புரத்தில் லேடீஸ் டெய்லர். முப்பத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். செஞ்சி வழியாக பஸ் பிடித்தால் திருவண்ணாமலை இரண்டு மணி நேரம்தான். பௌர்ணமி கிரிவலம் போய்ப் பழகி, ஒரு தடவை கால் வலிக்கு உட்காரலாம் என்று ரமணாசிரமத்துக்குள் நுழைந்தவன். பகவான் ரமணர் காட்டிய ஆன்ம விசாரத்தை, அதாவது ‘நான் யார்’ என்று உள்ளே பார்ப்பதை, பதினொரு வருஷமாக மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே செய்து பார்க்கிறேன். ஞானம் வந்துவிட்டதா என்றால், வரவில்லை. ஆனால் எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கி விழுவோம் என்பது கொஞ்சம் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

இந்த வழி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் செய்வது சுலபம். 1896 ஜூலை, மதுரை. வேங்கடராமனுக்கு, அதுதான் பகவானின் சின்ன வயசுப் பெயர், பதினாறு வயசு. சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது திடீரென்று சாவு பயம் பிடித்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம் மட்டும். டாக்டரைத் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சரி, சாவு வந்துவிட்டது, சாகிறது எது என்று பார்த்துவிடுவோம் என்று கை காலை நீட்டி, விறைப்பாகப் படுத்து, உதட்டை இறுக்கிப் பிணம் மாதிரிக் கிடந்தார். இந்த உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் போய்விடுவேனா? அப்படி உள்ளே பார்த்ததில், உடம்போடு போகாத ஒன்று நானாக இருக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துபோனது. ஆறு ஏழு வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலையார் கோயிலில் வந்து நின்றார். 1950 ஏப்ரல் 14-ல் உடம்பை விடும்வரை அந்த மலையை விட்டு நகரவில்லை.

கவனியுங்கள், அந்தப் பையன் மந்திரம் சொல்லவில்லை. வந்த பயத்தை விரட்டவும் இல்லை. அது யாருக்கு வந்ததோ அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். வழி முழுவதும் இதற்குள் இருக்கிறது.

பிறகு 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், மலையில் பகவான் அப்போது இருந்த விருபாக்ஷி குகைக்குப் போனார். அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் ரெவின்யூ உத்தியோகம். அப்போது விழுப்புரமும் அந்த ஜில்லாதான், அதனால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றே மனசில் வைத்திருக்கிறேன். பகவான் அந்தக் காலத்தில் அநேகமாகப் பேசுவதில்லை. இவர் கேட்கக் கேட்க எழுதிக் காட்டினார். மணலில் எழுதிய பதில்களும் உண்டு. அதுதான் பின்னால் ‘நான் யார்?’ என்று சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகமாக ஆனது. ஆசிரமப் புத்தகக் கடையில் முதலில் அதை வாங்குங்கள். பெரிய புத்தகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். எல்லாரும் கேட்பது அதைத்தானே.

கல்யாண ஜாக்கெட் ட்ரையலுக்கு வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, திரும்பி முதுகைப் பார்த்து, கழுத்து சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிற நொடியில் முகம் மலரும். அந்த மலர்ச்சி ஜாக்கெட்டிலிருந்து வந்ததா? அப்படியானால் அதே ஜாக்கெட்டை ஆறு மாசம் கழித்துப் போடும்போதும் வரவேண்டும். வருவதில்லை. ‘சரியா வருமோ வராதோ’ என்று ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்த மனசு, காரியம் முடிந்ததும் ஒரு நொடி தன் இடத்துக்குத் திரும்பி உட்காருகிறது. அங்கே இருப்பதே சுகம். பகவான் சொல்வது இதுதான். ஆசைப்பட்டது கிடைத்தாலும், வேண்டாதது தொலைந்தாலும், மனசு உள்ளே திரும்பி தன் சொந்தச் சுகத்தைத்தான் அனுபவிக்கிறது. நாம் அந்தப் பெருமையைப் பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். வெயிலில் அலைந்தவன் மர நிழலுக்கு வந்து ‘அப்பா, என்ன சுகம்’ என்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயிலுக்கே ஓடுகிறான். நிழல் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

தூக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். தூக்கத்தில் கடை இல்லை, பணம் இல்லை, என் பெயர்கூட எனக்கு இல்லை. எழுந்ததும் ‘சுகமாகத் தூங்கினேன்’ என்கிறோம். ஒன்றுமே இல்லாத இடத்தில் சுகம் எப்படி வந்தது? இந்தக் கேள்வியை ஒரு வாரம் சும்மா கூடவே வைத்துக்கொண்டு திரியுங்கள். அது மனசில் உறைக்காமல் உட்கார்ந்து கண்ணை மூடினால் கால் மரத்துப்போவதுதான் மிச்சம்.

தொடங்க நல்ல நேரம், காலையில் விழிப்பு வந்த முதல் அரை நிமிஷம். கண்ணைத் திறக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். தூக்கம் கலைந்ததும் முதலில் ‘நான்’ என்கிற உணர்வு எழும். எந்த ஊர், என்ன கிழமை என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையாக வரும். எனக்கு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவது சீட்டுப் பணம். அந்த வரிசை தொடங்குவதற்கு முன்னால், வெறும் ‘இருக்கிறேன்’ என்று மட்டும் இருக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். முதல் பத்து இருபது நாள் தவறிப்போகும். எனக்கு இரண்டு மாசம் தவறியது. நினைவு வரும்போது பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பகலில் செய்வது எப்படி என்பதற்கு வருகிறேன். ஒரு எண்ணம் வருகிறது, ‘வாடகை ஏற்றப் போகிறாராமே’ என்று. அந்த எண்ணத்தை முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டாம், அடக்கவும் வேண்டாம். ‘இது யாருக்கு வந்தது?’ என்று கேளுங்கள். ‘எனக்கு’ என்று தெரியும். ‘அந்த நான் யார்?’ என்று பாருங்கள். இங்கே பதில் சொல்லிவிடக் கூடாது. ‘நான் ஆத்மா’, ‘நான் சிவம்’ என்று சொன்னால் அதுவும் ஒரு எண்ணம்தான், அதுவும் யாருக்கோ வந்ததுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கவனம் வாடகையிலிருந்து நகர்ந்து, நினைத்த ஆளின் பக்கம் திரும்பும். ஆளைத் தேடினால் ஆள் கிடைக்காது. ஒரு நொடி, இரண்டு நொடி, எதையும் பிடிக்காமல் தெளிவாக இருக்கும். மறுபடி எண்ணம் வரும், மறுபடி கேளுங்கள். கோட்டைக்குள்ளிருந்து எதிரி வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைக்கு வந்துவிடும் என்கிறார் பகவான்.

நான் செய்த பெரிய தப்பு, முதல் ஒன்றரை வருஷம் ‘நான் யார், நான் யார்’ என்று ஜபம் மாதிரிச் சொன்னது. மிஷின் தாளத்துக்கு அது நன்றாகவே பொருந்தும், அதனால்தான் ஏமாந்தேன். கேள்வி உதட்டில் ஓடிக்கொண்டிருக்க, மனசு தீபாவளி ஆர்டரை எண்ணிக்கொண்டிருந்தது. பிணம் சுடுகிற இடத்தில் நெருப்பைக் கிளறுகிற தடி கடைசியில் தானும் எரிந்துபோகிற மாதிரி, இந்தக் கேள்வியும் மற்ற எண்ணங்களை முடித்துவிட்டுத் தானும் போய்விட வேண்டியது. நானோ தடியைப் பத்திரமாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜபம் பிடிக்கும் என்றால் தனியாக ‘அருணாசல சிவ’ என்று சொல்லுங்கள், தப்பே இல்லை. யானையின் தும்பிக்கை சும்மா இருக்காது, எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும். ஒரு சங்கிலியைப் பிடிக்கக் கொடுத்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு போகும். நாமம் அந்தச் சங்கிலி. மனசு ரொம்பத் தறிகெட்டு ஓடுகிற நாளில் நான் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். மூச்சைக் கவனிப்பதும் அப்படியே. மூச்சும் மனசும் ஒரே இடத்தில் பிறப்பதால் ஒன்று அடங்கினால் மற்றதும் அடங்கும், ஊசி கோக்கும்போது பார்த்தோமே. ஆனால் நூல் கோத்து முடித்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டதையும் பார்த்தோம். அதனால் மூச்சோடு நின்றுவிடாமல், அடங்கிய அந்த நொடியில் ‘யார்’ என்று பார்க்க வேண்டும்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு என் உபாயம் ஒன்று. மிஷினில் பாபின், அதாவது அடிநூல் சுற்றி வைக்கிற சின்ன உருளை, அதில் நூல் தீர்ந்தால் வேலை நின்றுவிடும். தட்டைத் திறந்து, காலி பாபினை எடுத்து, நூல் சுற்றி, மறுபடி மாட்ட வேண்டும். முன்பெல்லாம் எரிச்சலாக வரும், அவசர வேலையில்தான் அது தீரும். இப்போது பாபின் தீர்ந்தால் அது எனக்கு மணி அடித்த மாதிரி. நூல் சுற்றுகிற நேரம் முழுக்க விசாரம். அந்த எரிச்சலே முதல் எண்ணமாக வந்து நிற்பதால் கேள்விக்குப் பஞ்சமில்லை. உங்களுக்கு பாபின் இல்லாவிட்டால் குக்கர் விசில், ரயில்வே கேட், பேங்க் டோக்கன், ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். பத்தைப் பிடித்தால் பத்தும் மறந்துபோகும்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சாத்விகமான ஆகாரம், அதுவும் அளவோடு என்பது பகவான் குறிப்பாகச் சொன்ன நியமம். மதியம் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு விசாரத்துக்கு உட்கார்ந்து, வாடிக்கையாளர் வந்து எழுப்புகிற அளவுக்குக் குறட்டை விட்ட அனுபவம் எனக்கு உண்டு.

வேலையையும் குடும்பத்தையும் விட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வீட்டை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்ட சம்சாரிகளைப் பகவான் அப்படித் தூண்டியதில்லை. அவரே ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கியவர். காய் நறுக்க முடியுமென்றால் காஜா எடுக்கவும் முடியும்தான்.

விசாரத்துக்கு மிக நல்ல நேரம் எது என்றால், மனசு புண்படுகிற நேரம் என்பேன். அமைதியான நேரத்தில் ‘நான்’ கண்ணில் படுவதில்லை, அடிபட்டால்தான் தலையைத் தூக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மாவின் மகள் கல்யாணம். காஞ்சிபுரம் பட்டு ஜாக்கெட் துணி. பின் கழுத்தை ஒன்பது அங்குலம் இறக்க வேண்டும் என்று குறித்துவிட்டு, முன் கழுத்தை ஒன்பதாக வெட்டிவிட்டேன். கத்தரி போன பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா கடையில் நாலு பேர் இருக்கும்போது, “கண்ணு தெரியலைன்னா கடையை மூடிட்டுப் போங்க” என்றார்.

இரண்டு காது மடலும் சுட்டன. நெஞ்சில் ஒரு இறுக்கம். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது: ‘நீங்க கொடுத்த அளவு ஜாக்கெட்டே சரியில்லை.’ அது பொய். அப்போது எப்படியோ கேள்வி வந்தது. சுடுகிறது யாருக்கு? எனக்கு. எந்த எனக்கு? காது சுடுகிறது, அது காது. இறுக்கம் நெஞ்சில். அடிபட்டது இது இரண்டும் இல்லை. ‘இருபத்தாறு வருஷ டெய்லர், தப்பே பண்ணாதவர்’ என்று ஒரு ஆளை நானே அளவெடுத்துத் தைத்து மாட்டி வைத்திருந்தேன், கிழிந்தது அதுதான். சரி, அந்த ஆள் எங்கே என்று பார்த்தால், அங்கே யாரும் இல்லை. மூன்று நொடி இருக்கும். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் முகம் தெரிந்தது, கோபத்தைவிட அதில் பயம்தான் அதிகம். கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

“தப்பு என்னோடதுதாம்மா” என்றேன். புடவையின் உள் தலைப்பில் ஒரு துண்டு எடுத்து, முன் கழுத்தில் யோக் வைத்து, ஒட்டு தெரியாமல் பைப்பிங் கொடுத்து மறுநாள் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

ஆசிரமத்துக்குப் போக நினைப்பவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் போங்கள். பெரிய கோயிலிலிருந்து செங்கம் ரோட்டில் ஆட்டோவில் சில நிமிஷம். பகவான் இருந்த பழைய ஹாலில் ஒரு மூலையில் உட்காருங்கள். வெளியே மயில் கத்தும், அதற்காக எரிச்சல் வந்தால் ‘யாருக்கு?’ என்று கேட்டுக்கொள்ளலாம். தெம்பு இருந்தால் பின்பக்கப் பாதையில் ஏறி ஸ்கந்தாசிரமம், அதற்குக் கீழே விருபாக்ஷி குகை இரண்டையும் பார்த்துவிட்டு ஊர்ப் பக்கம் இறங்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். குரங்கு கண்ணில் படும்படி எதையும் கையில் வைத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மா போன தை மாசம் மறுபடி வந்தார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். துணியை மேசையில் வைத்து, டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, “முன் கழுத்து எது, பின் கழுத்து எதுன்னு நானே சாக்பீஸ்ல எழுதிட்டுப் போகவா?” என்று கேட்டார். கடையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மடல் சுடத்தான் செய்தது.